விண்மீன் கப்பலுக்குப் பேரேடு உண்டா?

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் வரையுள்ள ஊர்களில், பழைய நகரத்தார் வீடு ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். முகப்பைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுபவை தூண்கள். அவை பர்மாத் தேக்கு. அந்த மரம் இங்கே வந்து நின்ற விதம் எளிதானதன்று. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே, மரத்தை வெட்டுவதற்கு முன் அடிப்பட்டையைச் சுற்றிலும் செதுக்கி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிட வேண்டும். பிறகு வெட்டி, யானையைக் கொண்டு ஆற்றில் தள்ளி, ஐராவதியின் போக்கில் ரங்கூன் வரை மிதக்கவிட வேண்டும். அங்கிருந்து கப்பல். நம் கரையில் இறங்கியபின் மாட்டுவண்டி.

ஒரு தூணுக்கு இத்தனை பாடு! கப்பல் என்று எங்கே படித்தாலும் எனக்கு இந்தத் தூண்கள்தாம் நினைவுக்கு வரும். வானத்துக் கப்பலானாலும் அப்படித்தான்.

வானத்துக் கப்பல் என்றது, 'டிராவலர்' என்னும் அறிவியல் புனைகதை விளையாட்டில் வரும் சரக்கு விண்கலங்களை. அமெரிக்காவில் மார்க் மில்லர் என்பவர் முதன்மையாக வடிவமைத்து, 1977ஆம் ஆண்டில் மூன்று சிறு கறுப்பு அட்டைப் புத்தகங்களாக வெளிவந்தது அது. பலகை கிடையாது, காய்கள் கிடையாது. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் நடுவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்கிறார்கள்: ஒருவர் கப்பல் தலைவர், ஒருவர் எந்திரப் பொறியாளர், ஒருவர் மருத்துவர். "இந்தக் கோளில் சரக்கை இறக்குகிறேன்" என்று ஒருவர் சொல்ல, என்ன நடந்தது என்பதை நடுவரும் பகடையும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். நம் தாயக்கட்டையையும் தெருக்கூத்தையும் ஒன்றாகக் கலந்தது போன்ற ஆட்டம் எனலாம்.

விளையாட்டுத்தானே, அதற்கு ஒரு திறனாய்வா என்று நீங்கள் கேட்கலாம். விண்வெளி வணிகத்தைப் பற்றி எழுதப்பட்ட கதைகள் ஏராளம். ஆனால் கதாசிரியர் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. 'கப்பல் பெரும் லாபத்துடன் திரும்பியது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். விளையாட்டை எழுதுபவர் அப்படித் தப்பிக்க முடியாது. கப்பலின் விலை என்ன, வயிற்றில் எத்தனை டன் கொள்ளும், கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தாக வேண்டும். எண் இருக்கும் இடத்தில் நாமும் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காரலாம். நம் பாட்டன்மார் கடல் கடந்து வாணிகம் செய்தவர்கள் ஆயிற்றே!

முதலில் கப்பலின் வயிறு. இந்த ஆட்டத்தில் 'டன்' என்பது எடையன்று, கொள்ளளவு. ஒரு டன் எடையுள்ள திரவ ஹைட்ரஜன் எவ்வளவு இடத்தை அடைக்குமோ அதுவே ஒரு கப்பல் டன். சுமார் 14 கன மீட்டர். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கடற்கப்பல்களுக்கும் 'மொத்தப் பதிவு டன்' என்று ஒரு கணக்கு இருந்தது. அதுவும் எடையன்று; 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.83 கன மீட்டர் கொண்ட இடமே ஒரு டன். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா'வைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சுமார் எட்டரை ஆயிரம் பதிவு டன். விளையாட்டில் வரும் 10,000 டன் சரக்கு விண்கலம் 1,40,000 கன மீட்டர்; பதிவு டன்னில் சொன்னால் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட ஆறு ரஜூலாக்கள்!

பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் இன்று கடலில் ஓடும் மிகப் பெரிய கப்பல்கள் 20 அடி நீளச் சரக்குப் பெட்டிகளில் 24,000க்கும் மேல் சுமக்கின்றன. பெட்டி ஒன்றுக்கு 38 கன மீட்டர் என்று வைத்தாலும் ஒன்பது இலட்சம் கன மீட்டர் ஆகிறது. விண்மீன்களுக்கிடையே ஓடும் 'ராட்சதக்' கப்பல், கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பலின் முன் குழந்தை! 1977இல் எழுதியவர்கள், கப்பல் இவ்வளவு பெருக்கும் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். இதைப் பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை.

அடுத்து, எரிபொருள். கப்பல் ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குத் 'தாவுகிறது'. ஒரு தாவலில் அதிகபட்சம் ஆறு பார்செக். ஒரு பார்செக் என்பது 3.26 ஒளியாண்டு. எத்தனை பார்செக் தாவ வேண்டுமோ, அத்தனை பத்தில் ஒரு பங்கு வயிற்றை ஹைட்ரஜனுக்கு விட்டுவிட வேண்டும். நமது 10,000 டன் கப்பல் இரண்டு பார்செக் தாவ 2,000 டன் ஹைட்ரஜன் தேவை. இதை நீரைப் பிரித்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ நீர் வேண்டும். ஆக 18,000 டன் நீர். நூறு மீட்டர் நீளமும் அறுபது மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் ஆழமும் உள்ள ஓர் ஊருணி முழுவதும் ஒரே தாவலில் காலி! மின்சாரமும் கிலோவுக்கு 50 யூனிட் போல ஆகும். மொத்தம் 10 கோடி யூனிட். மின்வேதியியலுக்கென்று ஓர் ஆய்வுக்கூடத்தையே 1953 முதல் தன்னகத்தே வைத்திருக்கும் காரைக்குடிக்கு இந்தக் கணக்கு புதிதன்று. விளையாட்டை எழுதியவர்களும் இதை உணர்ந்தே, வியாழன் போன்ற வாயுக் கோள்களின் மேற்பரப்பை உரசிச் சென்று ஹைட்ரஜனை இலவசமாக மொண்டுகொள்ளலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் கிடைக்காத வியாபாரி, மழைக்காலத்தில் குடம் வைப்பது போல.

தாவல் என்பதே வெறும் கற்பனை. ஒளியை முந்திச் செல்ல இயற்பியல் இடந்தரவில்லை. ஒளிக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் போகலாமே என்றால், அதன் செலவைப் பாருங்கள். ஒரு கிலோ மிளகை ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு முடுக்க வேண்டுமானால், வீண் போகாமல் செலவிட்டாலும் சுமார் 3,200 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் தேவை. போய்ச் சேர்ந்ததும் நிறுத்துவதற்கு மறுபடியும் செலவு. யூனிட் ஒரு ரூபாய் என்றால்கூட, அந்த மிளகை எவர் இரசத்தில் போடுவார்? எனவே, 'தாவல்' என்ற ஒரு பொய்யை அனுமதித்தால்தான் வணிகம் என்ற பேச்சே எழும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, மற்றதையெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டு ஒழுங்காகச் சொல்வது நல்ல அறிவியல் புனைவின் இலக்கணம். இந்த ஆட்டம் அதில் தேறுகிறது.

அதுமட்டுமன்று, அந்தப் பொய்க்கு ஒரு விலையும் வைத்திருக்கிறது. தாவல் எவ்வளவு தொலைவானாலும் சுமார் ஒரு வாரம் பிடிக்கும். அந்த ஒரு வாரமும் கப்பலுக்கு வெளியுலகத் தொடர்பு கிடையாது. கப்பலைவிட வேகமாகப் போகக்கூடிய வானொலியோ தந்தியோ அந்த உலகில் இல்லவே இல்லை. கடிதமும் கப்பலில்தான் போக வேண்டும். போர் மூண்ட செய்தியும் கப்பலில்தான் போக வேண்டும். நீங்கள் ஒரு கோளில் கோதுமை வாங்கும்போது, அடுத்த கோளில் இன்றைய விலை என்ன என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அறிந்தது ஒரு வாரத்துக்கு முந்திய விலை. நீங்கள் போய்ச் சேரும்போது அது இரண்டு வாரத்துக்கு முந்தியதாகிவிடும்.

இந்த ஒரு விதிதான் விளையாட்டின் உயிர் என்பேன். எந்திரமும் துப்பாக்கியும் இரண்டாம் பட்சம். நம்மவர்க்கு இது கற்பனையே அன்று. 1870களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடித் தந்திக்கம்பி போடப்படும் வரையில், அக்கரைச் செய்தி கப்பலில் வந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. தந்தி வந்த பிறகும், சொல்லுக்குச் சொல் காசு என்பதால் கணக்கு வழக்கெல்லாம் கடிதத்தில்தான்.

கடன் என்னும் எந்திரம்

கப்பல் வாங்கும் முறையை விளையாட்டு விவரிக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. விளையாட்டில் வரும் மிகச் சாதாரணமான சிறு வணிகக் கப்பல் 200 டன். சரக்குக்கு 82 டன் இடம். விலை 3 கோடியே 70 இலட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். யாரிடம் அவ்வளவு ரொக்கம் இருக்கும்? ஐந்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு, மீதியை 480 மாதத் தவணைகளில், அதாவது நாற்பது ஆண்டுகளில் அடைக்க வேண்டும். ஒவ்வொரு தவணையும் விலையில் 240இல் ஒரு பங்கு: 1,54,500 கிரெடிட்.

சரக்குக் கூலி டன்னுக்கு 1,000. ஒரு வாரம் தாவல், ஒரு வாரம் துறைமுகம் என்று மாதத்தில் இரண்டு பயணம் போகலாம். வயிறு நிறையச் சரக்கு கிடைத்தாலும் 1,64,000 கிரெடிட். தவணை போக மிச்சம் 9,500! இதில் மாலுமிகளின் சம்பளம், சாப்பாடு, எரிபொருள், துறைமுகக் கட்டணம் எல்லாம் தீர வேண்டும். தீராது. ஆகவே பயணிகளை ஏற்ற வேண்டும். அதுவும் போதாமல், சொந்தமாகச் சரக்கு வாங்கி விற்றுச் சூதாட வேண்டும். ஆட்டக்காரர்களை ஊர் ஊராகத் துரத்துவது வில்லன் அன்று, வட்டி. இவ்வளவு நேர்மையாகக் கடனைப் பேசிய விண்வெளிக் கதை ஒன்றை நான் படித்ததில்லை.

பயணிகளில் கடைநிலை வகுப்பு ஒன்று உண்டு. 1,000 கிரெடிட் கொடுத்தால் உறைநிலைப் பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோவார்கள். இறங்கும் இடத்தில் எழுப்பும்போது இரண்டு பகடையை உருட்டிப் பார்க்க வேண்டும். ஐந்தும் அதற்கு மேலும் விழுந்தால் பிழைத்தார். கணக்குப் போட்டால் ஆறில் ஒருவர் எழுந்திருப்பதில்லை. நல்ல மருத்துவர் இருந்தால் பன்னிரண்டில் ஒருவர். எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று பயணிகளே பந்தயம் கட்டுவதும், வென்றவர் எழாவிட்டால் பணம் கப்பல் தலைவருக்குப் போவதும் விதியிலேயே இருக்கிறது. குரூரமான நகைச்சுவை! ஆயினும், கப்பலின் மேல்தளத்தில் பாயை விரித்துப் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போன நம் கூலித் தொழிலாளர்களை நினைத்தால், இதை முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளவும் மனம் வரவில்லை.

ஆனால் கூலியைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். சிறு கப்பலானாலும் பெருங்கப்பலானாலும் டன்னுக்கு அதே 1,000 கிரெடிட் என்கிறது விதி. பெரிய கம்பெனியின் கப்பலும் ஏழை வணிகனின் கப்பலும் ஒரே துறையில் அருகருகே நிற்க, இரண்டும் ஒரே கூலி வாங்குமா? தூத்துக்குடியைக் கேளுங்கள். 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, மறு ஆண்டு 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டினார். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; சுதேசியும் குறைத்தது; முடிவில் வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாக ஏற்றிக்கொள்ளவும் துணிந்தது. நட்டத்தைத் தாங்கப் பெரிய கம்பெனியால் முடியும், சிறியதால் முடியாது. 1908இல் பிள்ளையவர்கள் சிறை சென்றதும் கம்பெனி நொடித்தது, 1911இல் மூடப்பட்டது. பெருங்கப்பலின் வலிமை அதன் வயிற்றில் மட்டும் இல்லை, நட்டப்பட்டுக் காத்திருக்கும் திறனிலும் இருக்கிறது. விளையாட்டில் விண்வெளிப் பெருங்கம்பெனிகள் பெயரளவில் வருகின்றன. அவற்றின் இந்த ஆயுதம் வருவதில்லை.

எந்தக் கடிகாரப்படி வட்டி?

இங்கே ஒரு சுவையான கிளைக்கதை. பொருளியலில் 2008ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்ற பால் குரூக்மன், இளம் ஆசிரியராக இருந்தபோது, 1978இல், விண்மீன்களுக்கிடையேயான வணிகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வேடிக்கையாக எழுதியது, ஆனால் கணக்கு வேடிக்கையன்று. 2010இல்தான் அது ஆய்விதழ் ஒன்றில் அச்சேறியது. அவர் எழுப்பிய கேள்வி இது. ஒளியை நெருங்கும் வேகத்தில் செல்லும் கப்பலில் காலம் மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை. அப்படியானால் வழியில் இருக்கும் சரக்குக்கு எந்தக் கடிகாரப்படி வட்டி கணக்கிடுவது, கப்பலின் கடிகாரப்படியா, கரையின் கடிகாரப்படியா?

நமது கணக்கில் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. கூட்டு வட்டி வேண்டா, தனி வட்டியே போதும். மிக அருகிலுள்ள விண்மீன் 4.25 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கில் போனால் கரையிலிருப்பவருக்கு 4.72 ஆண்டுகள்; கப்பலில் இருப்பவருக்கு 2.06 ஆண்டுகளே. நூறு ரூபாய்ச் சரக்கின் முதலும் வட்டியும் கரைக் கணக்கில் சுமார் 157 ரூபாய். கப்பல் கணக்கில் 125 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. கப்பல் தலைவர் 125ஐ நீட்டுவார். முதலாளி ஏற்பாரா? மாட்டார். அந்த நூறு ரூபாய் கப்பலேறாமல் கரையிலேயே கடனாகப் போயிருந்தால் 157 ஆகியிருக்குமே! ஆகவே கரைக் கடிகாரமே செல்லும் என்பது குரூக்மனின் முதல் தேற்றம். காரைக்குடியில் வட்டிக்கடை வைத்திருந்த எவரும் சார்பியல் படிக்காமலே சொல்லியிருக்கக்கூடிய விடைதான்.

இரண்டாவது தேற்றம், இரு கோள்களிலும் பணம் போட வழியிருந்தால், போட்டியினால் இரண்டிலும் வட்டி விகிதம் சமமாகிவிடும் என்பது. இதற்கும் நம்மிடம் ஓர் உதாரணம் உண்டு. ரங்கூனில் நகரத்தார் மாதம் ஒருமுறை கோவிலில் கூடி, தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு 'நடப்பு வட்டி'யை நிர்ணயித்தார்கள். ஒருவரை ஒருவர் அறிந்தவர்களிடையே, உண்டியல் எழுதி அனுப்பினால் அக்கரையில் பணம் கிடைக்கும் என்ற நிலையில், வட்டி சமப்பட்டது. பர்மிய விவசாயி கொடுத்த வட்டியோ அதைவிட மேலே நின்றது. போட்டி இருந்தால் மட்டும் வட்டி சமமாகிவிடாது, நம்பிக்கையும் வேண்டும். குரூக்மனின் தேற்றத்தில் இந்த வேறுபாடு இல்லை. விளையாட்டிலும் இல்லை.

கரையில் இருப்பவர் எங்கே?

இப்போது என் முதன்மையான குறைக்கு வருகிறேன். விளையாட்டில் ஒவ்வொரு கோளுக்கும் ஒரு முத்திரை உண்டு: வேளாண் கோள், தொழில் கோள், செல்வக் கோள், ஏழைக் கோள். சரக்கை விற்கும்போது இரண்டு பகடையை உருட்டி, கோளின் முத்திரைக்கேற்பக் கூட்டிக் கழித்தால், அடிப்படை விலையில் 40 சதவீதம் முதல் 400 சதவீதம் வரை ஏதோ ஒரு விலை கிடைக்கும். தரகர் வேண்டுமானால் கமிஷன் கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம். விற்றாயிற்று, அடுத்த தாவல். மறுமுறை அதே கோளுக்கு வந்தால்? மறுபடியும் புதிதாய்ப் பகடை. நீங்கள் சென்ற தடவை கொட்டிவிட்டுப் போன பத்தாயிரம் டன் நெல்லை அந்தக் கோள் மறந்துபோயிருக்கும். யாரிடம் கடனுக்கு விற்றீர்கள், யார் பாக்கி வைத்தார், யார் மண்ணை விற்று அடைத்தார் என்பதற்கு எங்கும் ஏடு கிடையாது. கப்பலுக்குக் கணக்கு இருக்கிறது. கரைக்குக் கணக்கு இல்லை.

செட்டிநாட்டு வணிகத்தில் நிலைமை நேர் எதிர். நீராவிக் கப்பல் காலத்தில் ரங்கூன் ஓடிய கப்பல் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கம்பெனியுடையது. நகரத்தாருடையது கரை. 'கொண்டு விற்க'ப் போன மேலாள் சுமார் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு அக்கரைக் கடையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு உதவியாக அடுத்தாள். எடுபிடி செய்துகொண்டே கணக்குப் படிக்கும் பெட்டியடிப் பையன். தினக் குறிப்பிலிருந்து பேரேட்டில் ஏறும். பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். செய்தி தாமதமாகும் உலகில், முதலாளிக்கு அக்கரையில் ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணை நம்ப ஓர் ஏடு வேண்டும். ஒரு வாரத் தாமதம் என்று இவ்வளவு நல்ல விதியை எழுதியவர்கள், அந்தத் தாமதத்தின் இயல்பான விளைவாகிய மேலாளை மறந்துவிட்டார்கள். கப்பலில் இருப்பவன்தான் வீரன் என்ற அமெரிக்கக் கதைப் பழக்கம் அவர்கள் கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

ஏடு இல்லாவிட்டால் என்ன கெட்டுவிடும், விளையாட்டுத்தானே என்றால், பர்மாவை நினைத்துப் பாருங்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி போக வழி பிறந்தது. ஐராவதிக் கழிமுகத்தின் சதுப்பு நிலங்கள் வயல்களாயின. காடு திருத்தவும் விதைக்கவும் பணம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் நகரத்தார். 1929-30இல் பர்மா வங்கித்தொழில் விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, அங்கே சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. புழங்கிய பணம் 75 கோடி ரூபாய் அளவு என்று மதிப்பிட்டார்கள். உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று பர்மா. விளையாட்டின் மொழியில் சொன்னால், 'வேளாண் கோள்' என்ற முத்திரை. ஆனால் அந்த முத்திரை படைப்பிலேயே வந்ததன்று. கப்பலும் கடனும் சேர்ந்து குத்தியது.

1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நெல்விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. கடனோ பழைய விலைக் கணக்கில் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. கடன் கட்ட முடியாத நிலங்கள் ஈட்டுப் பத்திரத்தின்படி கடை கடையாக வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீத நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1937-38 வாக்கில் 25 சதவீதம். பேரேட்டில் வரவு! ஆனால் விற்க முடியாத வரவு. வெறுப்பைச் சுமந்த வரவு. பர்மிய உழவருக்குத் தம் பாட்டன் திருத்திய வயல் போயிற்று. நகரத்தாருக்குப் பணம் மண்ணாயிற்று. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். இந்தியர்கள் இலட்சக்கணக்கில் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வெளியேறினர். வழியில் மாண்டவர் பலர். 1948இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. ஏடுகள் ஊர் வந்து சேர்ந்தன, நிலம் சேரவில்லை.

இந்தக் கதையில் ஒரு பக்கம் மட்டும் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது வேறு. ஒரு பெருஞ்சரக்குக் கப்பல் ஆண்டுக்கணக்கில் ஒரே துறைக்கு வந்து போனால், அந்தத் துறைக்குப் பின்னாலுள்ள நாடு மாறுகிறது. என்ன பயிர் செய்வது, யாருக்கு மண் சொந்தம், யார் கலகம் செய்கிறார் என்பதெல்லாம் மாறுகின்றன. விளையாட்டின் கோள்களோ கப்பல் வருமுன் இருந்தது போலவே கப்பல் போன பின்னும் இருக்கின்றன. சிறு கப்பலுக்கு இது பொருந்தும். 82 டன் ஒரு கோளை அசைக்காது. பெருங்கப்பலுக்குப் பொருந்தாது. பிற்காலத்தில் வேறு பதிப்பாளர்கள் இதே உலகத்தை வைத்து எழுதிய நூல்கள் சிலவற்றில், இரண்டு கோள்களுக்கிடையே எவ்வளவு சரக்கு ஓடும் என்பதை அவற்றின் பொருளாதார அளவையும் தொலைவையும் கொண்டு கணக்கிட முயன்றிருக்கிறார்கள். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அதிலும் சரக்கு ஓடுகிறதே தவிர, கடன் ஏறுவதில்லை.

குறை சொல்வதோடு நிற்காமல், என் அக்காள் மக்கள் மூவரை வைத்துக்கொண்டு விடுமுறையில் ஒரு மாறுதல் செய்து பார்த்தேன். கோளுக்கு ஒரு பக்கமாக நோட்டுப் புத்தகம் போட்டோம். ஒரே சரக்கை அதே கோளில் 80 டன் விற்றால் அடுத்த முறை பகடையில் ஒன்று குறையும். மாதம் ஒன்று கடந்தால் குறைந்ததில் ஒன்று திரும்பும். கடனுக்கும் விற்கலாம்; பாக்கியை எழுதி வைக்க வேண்டும். இன்னொன்று: மூவரில் ஒருவன் கப்பலேறக் கூடாது. ஒரு கோளில் கடை வைத்து உட்கார்ந்து, வரும் கப்பலிடம் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டும். யார் அந்தப் பொறுப்பை ஏற்பது என்று பெரிய சண்டை. சிறியவனைக் கட்டாயப்படுத்தி உட்கார வைத்தோம்.

மூன்றாவது நாள் கப்பல்காரர்கள் இருவரும் ஒரு வேளாண் கோளில் எந்திரங்களைக் கடனுக்கு விற்று நோட்டை நிரப்பியிருந்தார்கள். பகடையில் தானியவிலை விழுந்தது, பாக்கி நின்றது, கப்பல் தவணைக்குப் பணம் இல்லை. நேரே சின்னவன் கடைக்கு வந்து நாற்பதாயிரம் கிரெடிட் கேட்டார்கள். அவன் நோட்டைப் புரட்டி, அந்தக் கோளின் பக்கத்தை எடுத்து, இரண்டு வாரத்துக்கு முன் வந்த கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தான். பிறகு, "அண்ணே, எந்திரத்த திருப்பி எடுத்துட்டு வந்தா தாறேன். நெலத்த எழுதி வாங்கிட்டு வந்தா தரமாட்டேன்" என்றான்.